ஆறு மணி நேரக் கணக்கு

தமிழில் பதிவான வயிற்றுவலிகளிலேயே ரொம்பப் பிரபலமானது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பேர் வாங்கி, இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரிய இடத்தில் இருந்த மனிதருக்குத் திடீரென்று சூலை பிடித்தது. கூட இருந்தவர்கள் தண்ணீரை மந்திரித்துக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்த்தார்கள், அடங்கவில்லை என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதுகிறார். சமையல்காரரைத் தன் அக்கா திலகவதியாரிடம் தூது அனுப்பினார் தருமசேனர். அக்கா, நான் அங்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வலியோடு ராத்திரியில் எழுந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திருவதிகைக்கு அவரே போனார். அப்பர் என்கிற திருநாவுக்கரசர் அங்கேதான் தொடங்குகிறார்.

இந்தக் கதையைச் சமயப் பூசலாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். டாக்டர் நண்பர்கள் சிலர், அது குடல்வாலா, பித்தப்பைக் கல்லா என்று ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஸ்கேன் எடுப்பார்கள். அதில் எனக்கு ஆர்வமில்லை. கதையில் நிற்பது வேறொன்று. வலி வந்த மனிதர் யாரிடம் சொல்வது என்று யோசிக்கிறார், சொல்லி அனுப்ப ஆள் தேடுகிறார், அந்த ஆள் வர மாட்டார் என்று தெரிந்ததும் தானே கிளம்பிப் போகிறார். அடிவயிற்று வலியின் வரலாறு முழுக்க இந்த மூன்று காரியங்கள்தான். சொல்வது, ஆள் கிடைப்பது, போய்ச் சேர்வது. மருத்துவம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

திலகவதியாருக்கு ஒரு நாளாவது வயிறு வலித்திருக்கும் அல்லவா? அது எங்கேயும் பதிவாகவில்லை.

'சூலை' என்ற சொல் இன்று பேச்சில் தேய்ந்துவிட்டது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், தேவாரம் பக்கம் கேட்டால் 'சூட்டு வலி' என்பார்கள். "அடிவவுறு இழுத்துப் பிடிக்குதுக்கா." "சூடு பிடிச்சிருக்கும் தாயி, தொப்புள்ல வெளக்கெண்ணெய் வச்சுட்டுப் படு." நீர்க்கடுப்புக்கும் இதே பெயர், மாதவிலக்கு வலிக்கும் இதே பெயர், வெள்ளைபடுதலோடு வரும் வலிக்கும் இதே பெயர். மோரில் வெந்தயம், இளநீர், கால் பெருவிரலில் எண்ணெய். இதில் எதுவும் கெடுதல் இல்லை. நிறையத் தண்ணீரும் மோரும் உண்மையிலேயே நீர்க்கடுப்புக்கு நல்லதுதான். சிக்கல் சொல்லில் இருக்கிறது. பத்து விதமான நோய்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டால், அதில் இரண்டு உயிரைக் குடிக்கக்கூடியவை என்பது தெரியாமலே போய்விடும். பழைய சித்த மருத்துவம் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாராக இருந்தது. குன்மத்தையே எட்டாகப் பிரித்தார்கள். நீரடைப்பு வேறு, கல்லடைப்பு வேறு, அண்டவாதம் வேறு. அந்தப் பிரிவினைகள் ஏட்டில் தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்து சேர்ந்தது 'சூடு' மட்டும்.

போடியைப் பற்றிப் பேசும்போது ஏலத்தைத் தொடாமல் போக முடியாது. ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு. இந்த ஆறு சரக்கும் சேர்ந்த மருந்தின் பெயரைத்தான் கணிமேதாவியார் தன் நீதி நூலுக்கு 'ஏலாதி' என்று வைத்தார். வயிற்றுக் கோளாறு என்றால் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் குடி என்பது நம் சமையலறை அறிவு. அந்த ஏலக்காயை எடுக்கப் போகிற பெண்களின் அடிவயிற்றைப் பற்றி எந்த நூலும் பேசவில்லை. போடியில் ஏலத்தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் மலைக்கு மேலே புற்றடியிலும் நடக்கிறது. காயின் விலை கிலோவுக்கு எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று அன்றன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் மேலே இருக்காது. சரம் வேரடியிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். காய் எடுக்கிறவர் குத்தவைத்தோ, இடுப்பை மடக்கிக் குனிந்தோதான் எடுக்க வேண்டும். பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுப்பதால் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். சீசன் தென்மேற்குப் பருவமழையில் தொடங்கித் தை மாசம் வரை இழுக்கும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்னாலேயே ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. ஏறுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டு வழியென்றால் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் பகலிலும் குடிக்க மாட்டார்கள். அட்டை கடிக்கும், பாம்பு இருக்கும், கங்காணி பார்ப்பார். சாயங்காலம் வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் குறைந்து, சிறுநீர் தேங்கினால் கிருமி வளர வசதி. எரிச்சலும் கடுப்புமாகத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும். குளிர்க் காய்ச்சலும், முதுகில் விலாவுக்குக் கீழே வலியும், வாந்தியும் வந்தால் அது ஏறிவிட்டது என்று அர்த்தம். வெளக்கெண்ணெய் வேலையெல்லாம் அங்கே முடிந்துவிடும்.

இதில் சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எல்லாமே அந்தப் பெண்களின் அறியாமை மாதிரித் தோன்றிவிடும். 1951-ல் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. குடிதண்ணீர் கொடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை கட்டு, மருத்துவ வசதி செய், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வை. யாருக்கு? தேயிலை, காபி, ரப்பர், சின்கோனாத் தோட்டங்களுக்கு. ஏலம் அந்தப் பட்டியலில் இல்லை. முப்பது வருஷம் கழித்து, 1981-ல் வந்த திருத்தத்தில்தான் ஏலம் சேர்ந்தது. அப்போதும் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத நிலமும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் சட்டம் தானாகப் பொருந்தும். ஏலமலையில் சின்னச் சின்னப் பட்டாக்கள்தான் ஏராளம். இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போகிற பெண் எந்த முதலாளியின் ஆள்? எந்தக் கழிப்பறை அவளுக்கு? பிறகு, 2020-ல் இயற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தச் சட்டமே கரைந்தது. அப்புறம் எல்லைக் கணக்கு வேறு. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு போனது. வலி வருவது ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் இருப்பது இன்னொரு மாநிலத்தில்.

இனி மலையிலிருந்து கொஞ்சம் விலகி லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. அடிவயிற்று வலியில் எது காத்திருக்கலாம், எது கூடாது என்ற அறிவு உண்டானதே போன நூற்றைம்பது வருஷத்தில்தான். அதில் பாதி கற்பிக்கப்பட்டது பெரிய மனிதர்களின் வயிற்றில்.

1886-ல் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற நோய்க்குறியியல் அறிஞர், வலது அடிவயிற்றில் சீழ் பிடித்துச் சாகிறவர்களுக்கு மூலகாரணம் குடல்வால்தான், அது ஓட்டையாகும் முன் வெட்டி எடுக்க வேண்டும் என்று எழுதினார். மூன்று வருஷம் கழித்து நியூயார்க்கில் சார்லஸ் மெக்பர்னி, எங்கே விரல் வைத்து அழுத்தினால் வலிக்கும் என்று சொன்னார். வலது இடுப்பெலும்பின் துருத்திய முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்தப் புள்ளி. இப்போதும் மருத்துவக் கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான்.

1902 ஜூன் 26-ம் தேதி ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. அதற்குச் சுமார் பத்து நாள் முன்பே வயிற்றுவலி. ராஜா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். விழாவை நிறுத்த முடியாது, விருந்தாளிகள் வந்தாயிற்று. கடைசியில் ஃபிரடெரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை மருத்துவர், இப்படியே அபேக்குப் போனால் பிணமாகத்தான் போவீர்கள் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஜூன் 24-ம் தேதி அரண்மனையிலேயே கீறிச் சீழை வடித்தார். ஆகஸ்ட் 9-ம் தேதி முடிசூட்டல் நடந்தது. ட்ரீவ்ஸின் சொந்த மகள் இரண்டு வருஷம் முன்னால், 1900-ல், இதே குடல்வால் நோயில் செத்துப்போயிருந்தாள். பொறுத்திருந்து பார்க்கலாம் என்ற கட்சியைச் சேர்ந்தவராகப் பேர் வாங்கியிருந்தவர் அவர். ராஜாவின் படுக்கையருகே நின்றபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை நாவல் எழுதுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதே 1902-ல்தான் நம் பக்கத்து மலைமேல், மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அது ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு. மலையில் முதலில் வந்த நவீனப் போக்குவரத்து தேயிலைப் பெட்டிக்காகக் கட்டப்பட்டது. மனிதர்கள் நடந்தார்கள், முடியாதவர்களைக் கம்பில் கட்டிய போர்வையில் தூக்கினார்கள். தேனி, கொடைக்கானல் மலைகளில் சாலை போகாத சில ஊர்களில் டோலி இன்னும் இருக்கிறது.

1924 ஜூலை வெள்ளத்தில் குண்டளை ரயில் அடித்துக்கொண்டு போனது. அதே வருஷம் ஜனவரி 12-ம் தேதி, எரவாடா ஜெயிலிலிருந்து காந்தியைப் புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடல்வால். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேயர் அறுவை செய்வதற்குத் தனக்குச் சம்மதம் என்று காந்தி கையெழுத்துப் போட்டது அவர் முன்னிலையில். பம்பாயிலிருந்து தனக்குத் தெரிந்த டாக்டர்கள் வரும் வரை காத்திருக்க நேரமில்லை. பாதியில் கரண்ட் போய், அரிக்கேன் விளக்கில் முடித்தார்கள். ஆஸ்பத்திரிகளை 1909-லேயே அவ்வளவு திட்டி எழுதியவர், ஆஸ்பத்திரியில்தான் பிழைத்தார். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. சரியான நேரத்தில் சரி என்று சொன்னார், அவ்வளவுதான்.

இந்த 'நேரம்' என்பதற்கு ஒரு எண் உண்டு. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜக்கரி கோப் 1921-ல் அவசர வயிற்று நோய்களைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இன்னும் புதுப்புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. (மாணவர்கள் மனப்பாடம் செய்யட்டும் என்று அதையே செய்யுளாகவும் எழுதினார். நம்மூர் வாகடக்காரர்களைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.) அதில் அவர் சொன்ன பொது விதி: நன்றாக இருந்த ஆளுக்குக் கடுமையான வயிற்றுவலி வந்து ஆறு மணி நேரம் ஆகியும் விடவில்லை என்றால், அது பெரும்பாலும் கத்தி வைக்க வேண்டிய வலி. நூறு வருஷத்துக்குப் பிறகும், ஸ்கேன் வந்த பிறகும், வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இதைவிட எளிய கணக்கு கிடையாது.

அந்தக் கணக்கைத் தோட்டத்தில் போட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்கு வலி தொடங்குகிறது. தொப்புளைச் சுற்றி மந்தமாக, எங்கே என்று காட்டத் தெரியாமல். இது உடம்பின் அமைப்பு. குடலிலிருந்து வரும் நரம்புகளுக்கு இடம் சொல்லத் தெரியாது, நடு வயிறு என்று பொதுவாகத்தான் மூளைக்குச் சொல்லும். வீக்கம் வளர்ந்து வயிற்றின் உள் உறையைத் தொட்ட பிறகே வலி வலது பக்கம் கீழே இறங்கி ஓரிடத்தில் உட்காரும். அந்த இடைவெளியில் பசி போகும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் காயும். கூட இருப்பவர்கள் வாயு என்பார்கள். ஆட்களை ஏற்றி வந்த ஜீப் பொதுவாகச் சாயங்காலம்தான் திரும்பும். நடுவில் இறங்கினால் அன்றைய கூலி போகும், தனி ஜீப் பிடித்தால் பல நாள் கூலி போகும். மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு நிழலில் படுக்கிறாள். நான்கு மணிக்கு ஜீப் கிளம்பும்போது கோப்பின் ஆறு மணி நேரம் முடிந்துவிட்டது. இன்னும் பதினேழு வளைவு இருக்கிறது. மழைக்காலத்தில் பாறை சரிந்திருந்தால் அதற்கு மேல்.

இறங்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். இங்கிலாந்தில் 2012-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. குடல்வால் நோய் உறுதியான 34 பேரிடம், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியதா என்று கேட்டார்கள். 33 பேர் ஆமாம் என்றார்கள். வீங்கிய உறை குலுங்கும்போது வலிக்கும். வேறு காரணத்தால் வலிப்பவர்களுக்கும் குலுங்கினால் வலிக்கலாம், அதனால் இதை வைத்து நோயை முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஆளை "வாயுதான், சோடா குடி" என்று வீட்டில் இறக்கிவிடக் கூடாது.

ராஜாவும் மகாத்மாவும் வரலாற்றில் ஏறினார்கள். பெண்களின் அடிவயிறு ஏறியது வேறு விதமாக, பெரும்பாலும் எண்ணிக்கையாக. 1989-ல் மருத்துவர் ராணி பங்கும் கூட்டாளிகளும் மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்குப் பெண்ணுறுப்பு சார்ந்த ஏதோவொரு நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் சுமார் எட்டு சதவீதம். உலக மருத்துவமே கிராமத்துப் பெண் என்றால் பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த எண் எல்லாரையும் உலுக்கியது. தமிழ்நாட்டுக்கும் ஒரு பதிவு உண்டு. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் பத்திரிகையாளர்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் பேர் ஒட்டாத மாத்திரை ஒன்றைக் கொடுப்பார், மெஷின் நிற்காது. அதே வருஷம் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட செய்தி வந்தது. ஒரு நாள் லீவுக்கு மேஸ்திரி போடும் அபராதம் அந்தக் கணக்கில் இருந்தது. மாதாமாதம் வேலையை முடக்கும் வலிக்கு உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி ஒரு நோய் இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு, கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. "கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்று சொல்ல மட்டும் எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

பெண்களின் வலியில் மிகவும் பயப்பட வேண்டியது ஒன்று. கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வளர்வது. ஆறு, எட்டு வாரத்தில் குழாய் கிழியலாம். 1883-ல் பர்மிங்காமில் லாசன் டெய்ட் கிழிந்த குழாயை எடுத்துப் பெண்ணைக் காப்பாற்றிக் காட்டும் வரை, இது வந்தால் சாவுதான் என்று கிட்டத்தட்ட கைவிட்டிருந்தார்கள். நாள் தள்ளிப்போயிருக்கும், அல்லது லேசாகத் தீட்டு பட்டதால் விலக்கு வந்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். ஒரு பக்கமாக அடிவயிற்றில் வலி, தலைசுற்றல், கண் இருட்டல். சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொட்டால் மூளை அதைத் தோளில் உணரும். தோள் வலிக்கு யார் வயிற்று டாக்டரிடம் போவார்கள்? இன்னொன்று, நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சே" என்பது பாதுகாப்பான பதில் இல்லை. அரிதாக அதையும் மீறிக் கரு உண்டானால், அது குழாயில் தங்கும் வாய்ப்பு சாதாரணமாக இருப்பதைவிடக் கூடுதல். நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால் அங்கே ஆறு மணி நேரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை அட்டை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். மயக்கம் வந்துவிட்டால் அதற்கும் நிற்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

சினைப்பை முறுக்கிக்கொள்வதும் இப்படித்தான். திடீரென்று, ஒரு பக்கம், வாந்தியோடு. சில மணி நேரத்தில் அவிழ்க்காவிட்டால் அந்தச் சினைப்பை போய்விடும்.

ஆண் பிள்ளைகளைச் சொல்லாமல் விடக் கூடாது, இதைப் படிக்கும் தம்பிகளில் சிலருக்காவது பதினைந்து வயதில் தம்பி இருப்பான். விரை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் தொடங்கலாம். பையன் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வான். அம்மா இஞ்சிச் சாறு கொடுப்பார். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றலாம், அதற்கு மேல் வாய்ப்பு சரசரவென்று குறையும். தோட்டத்தில் மூட்டை தூக்குகிற ஆண்களுக்குக் குடலிறக்கம் சகஜம், அமுக்கினால் உள்ளே போகும், வருஷக்கணக்கில் சமாளிப்பார்கள். என்றைக்கு அமுக்கியும் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று வலிக்கிறதோ, வாந்தி வருகிறதோ, அன்றைக்கே கத்தி. வயசான தாத்தாவுக்குச் சிறுநீர் போகாமல் அடிவயிறு பானை மாதிரி உப்பினாலும் அன்றைக்கே. வயசானவர்களுக்கு உள்ளே பெரிதாக இருந்தாலும் வலி சின்னதாகத்தான் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் இவ்வளவு அவசரமில்லை. கண்டதைத் தின்று வந்த கடுப்பு, மலச்சிக்கல், வழக்கமான மாதவிலக்கு வலி, ஓரிரு நாளில் அடங்கும். இரண்டு நாள் தாண்டினாலோ, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் கண்டாலோ, காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைபடுதலும் சேர்ந்தாலோ சும்மா இருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் 'சூடு' என்று வருஷக்கணக்கில் விட்டவர்களுக்குக் குழாய் அடைத்துப் பிள்ளையில்லாமல் போன கதைகள் ஏராளம். அந்தப் பழியும் அவர்கள் மேலேயே விழுந்திருக்கும்.

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் "வயிறு வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல் எப்போது தொடங்கியது, முதலில் எங்கே, இப்போது எங்கே, கடைசியாக விலக்கு வந்த தேதி என்ன, என்ன மாத்திரை போட்டாய் என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அந்தத் தேதியை மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், மாமியாரை வெளியே உட்காரச் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர்கள் அவர்களாகவே சொல்லுவார்கள். வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று பழைய காலத்தில் கோப் உட்படப் பயந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துப் போடுவதில் அந்தப் பயம் தேவையில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆபத்து, தெருமுனையில் ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலை ஜீப்பில் ஏறுவதில்தான்.

1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010-ல் நிறுத்தியது, 2023 ஜூனில்தான் திரும்பப் போடிக்கு வந்தது. 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து இருக்கிறது. போடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது, க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து கீழே எல்லாம் ஒருமாதிரி சரியாகிவிட்டது. மேலே, மேட்டுக்கு அந்தப் பக்கம், செல்போன் சிக்னல் இல்லாத சரிவில், மலையின் ஆம்புலன்ஸ் என்பது காலையில் ஆள் ஏற்றி வந்த அதே ஜீப்தான். பகல் பதினோரு மணிக்கு ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு அது கீழே இறங்கினால் டீசல் காசை யார் கொடுப்பது, அந்தப் பெண்ணின் அன்றைய கூலியை யார் கொடுப்பது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. இப்போதைக்கு ஜீப்பில் இருக்கும் மற்ற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறார்கள்.